சென்னையின் ஜனக்கணக்கு

பதினாறு வருஷ இடைவெளிக்குப் பின்னர் நமது தேசத்தில் மீண்டும் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஏற்பாடாகியிருக்கிறது. 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பின்படி, 2027 மார்ச்சு முதல் தேதி பிறக்கும் நள்ளிரவே கணக்குக்குரிய வேளையாகும். பனி மூடிய வடகோடிப் பிரதேசங்களுக்கு மாத்திரம் 2026 அக்டோபர் முதல் தேதி குறிக்கப்பட்டது. இக்காரியத்துக்கென 11,718 கோடி ரூபாய் செலவிட மத்திய மந்திரிசபை 2025 டிசம்பரில் இசைந்தது. சுமார் முப்பது லட்சம் பேர் இதில் ஈடுபடுத்தப்படுவர் என்பது சர்க்காரின் மதிப்பு. காகிதப் படிவத்துக்குப் பதிலாகக் கைபேசியில் விவரங்கள் பதிவாவது இதுவே முதன்முறை. எல்லா ஜாதியாருடைய தொகையும் கணக்கில் ஏறுவது 1931-க்குப் பின் இதுவே முதன்முறை.

ஜாதிக் கணக்கைப் பற்றி மேடைகளில் நடக்கும் வாதங்களை நேயர்கள் அறிவர். வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் தத்தம் நியாயங்களை எடுத்துரைக்கின்றனர். அவ்விரு சாராரும் ஒரு விஷயத்தைத் தமக்குள் பேசாமலே ஒப்புக்கொண்டு விடுகின்றனர். அதாவது, எண்ண வருகிறவர் எல்லாரையும் எண்ணிவிடுவார் என்பது. சென்னையைப் போன்ற நெருக்கமான நகரத்தில் இது ஒப்புக்கொள்ளத்தக்கதன்று. எண்ணப்படாமலே போனவன் எந்த ஜாதியில் பிறந்திருந்தால்தான் என்ன? ஆகவே, நகரத்தில் ஜனக்கணக்கு எவ்வாறு நடக்கிறது, எவ்விடத்தில் அது தவறுகிறது, யார் விடுபடுகின்றனர் என்பவற்றை இன்று ஆராய விரும்புகிறோம்.

1871-ம் வருஷத்துக் கணக்கில் சென்னை நகரத்தார் 3,97,552 பேர். 1931-ல் அத்தொகை 6,47,230 ஆயிற்று. நகர எல்லை விரிந்தது ஒரு காரணமாக, 1951-ல் 14,16,056 ஆக உயர்ந்தது. 2011-ம் வருஷத்துக் கணக்கின்போது கார்ப்பொரேஷனின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். அதனுள் 46,46,732 பேர் வாழ்ந்தனர். சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு 26,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள்! அதே வருஷம் அக்டோபரில் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டு, 200 வார்டுகள் வகுக்கப்பட்டன. அவ்விரிந்த பரப்பில் 2011-ம் வருஷக் கணக்குப்படியே 66 லட்சத்து 72 ஆயிரம் பேர் இருந்தனர். அதன்பின் பிறந்தவர் எத்தனை பேர், வந்து குடியேறியவர் எத்தனை பேர், வெளியேற்றப்பட்டவர் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுத்தல்லது எவரும் கூற இயலாது.

இனி, வேலை நடக்கும் முறையைக் கவனிப்போம். கணக்கு இரண்டு கட்டங்களில் எடுக்கப்படுகிறது. முதலாவது, வீட்டுப் பட்டியல். இரண்டாவது, தலை எண்ணுதல். 2011-ம் வருஷக் கணக்குக்கு முதற்கட்டம் 2010-ம் வருஷத்து ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பருக்குள் ஒவ்வொரு ராஜ்யத்திலும் நடந்தது. இரண்டாவது கட்டம் 2011 பிப்ரவரி 9-ந் தேதி முதல் 28-ந் தேதி வரை நடந்தது. மார்ச்சு முதல் ஐந்து நாட்களில் மீண்டும் வீடு வீடாகச் சென்று, இடையில் நேர்ந்த பிறப்பு இறப்புகளைச் சேர்த்தும் கழித்தும் திருத்தினார்கள். இம்முறையும் முதற்கட்டத்துக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், இரண்டாவது கட்டத்துக்கு 2027 பிப்ரவரியும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

நகரம் முழுவதும் சிறுசிறு பிளாக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பிளாக்கில் ஏறக்குறைய அறுநூறு முதல் எண்ணூறு பேர் இருப்பர். அதற்கு ஒரு கணக்கெடுப்பாளர். ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். 66 லட்சம் ஜனங்களை எழுநூறு எழுநூறாகப் பகுத்தால் சென்னைக்கு மாத்திரம் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கணக்கெடுப்பாளர்கள் தேவை என்பதை நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். இவர்களிற் பெரும்பாலோர் பள்ளி உபாத்தியாயர்கள். முதற்கட்டத்தில் கணக்கெடுப்பாளர் தமது பிளாக்கின் எல்லையைச் சுற்றிப் பார்த்து, தெருக்களையும் சந்துகளையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் இலக்கம் இட வேண்டும். பின்னர், கட்டடத்துள் எத்தனை வீடு, வீட்டினுள் எத்தனை குடும்பம் என்று பட்டியல் எழுத வேண்டும். இரண்டாவது கட்டத்தில் அப்பட்டியலை ஆதாரமாகக் கொண்டே ஆட்களை எண்ணுவர்.

இங்கேதான் விஷயத்தின் மர்மம் அடங்கியிருக்கிறது. ஜனக்கணக்கு என்றால் தலைகளை எண்ணுவது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் நகரத்தில் தலை தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணுகிறவரின் கூட்டற் பிழையன்று. வாசல் தவறிப் போவதேயாம். பட்டியலில் ஏறாத வாசலுக்கு இரண்டாவது கட்டத்தில் எவரும் தேடிக்கொண்டு வருவதில்லை. ஏப்ரலிலோ ஆகஸ்டிலோ மாடிப்படி ஏறாமல் விட்ட ஒரு கணத்தில், பிப்ரவரிக் கணக்கில் ஒரு குடும்பம் மறைந்து போகிறது.

கிராமத்தில் இத்தகைய பிழை நேர்வது அரிது. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதை மணியக்காரரும் அறிவார், பால்காரரும் அறிவார். நகரத்தில் அடுத்த அறைக்காரரின் பெயரையே நாம் அறிவதில்லை. கணக்கு விதிகளின்படி, தெருவிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாயிலுடைய பகுதி ஒரு வீடு; ஒரே சமையலில் உண்டு கூடி வாழ்வோர் ஒரு குடும்பம். இவ்விதி எழுத்தில் தெளிவாயிருக்கிறது. ஏழுகிணற்றிலோ சௌகார்பேட்டையிலோ ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த ஒரு பழைய கட்டடத்துள் நுழைந்து பாருங்கள். தெருவுக்கு ஒரு கதவு. உள்ளே இரண்டு கட்டு, மூன்று கட்டு. மாடியில் தகரக் கொட்டகை. அதன் பின்னே இன்னோர் அறை. அடுப்புகள் எத்தனை என்று கேட்டாலன்றிக் குடும்பங்கள் எத்தனை என்பது விளங்காது. திருவல்லிக்கேணியின் மான்ஷன்களில் அறைக்கு மூவராகவும் நால்வராகவும் வாலிபர்கள் தங்கியிருக்கின்றனர். காலையில் பூட்டிய அறை இரவு பத்து மணிக்கே திறக்கும். கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த தொழிலாளரோ, தாம் கட்டும் கட்டடத்திலேயே, அல்லது அதன் அருகில் போட்ட கொட்டகையிலே உறங்குகின்றனர். வேலை முடிந்தால் கொட்டகையும் பிரிந்து போகிறது. ஆகஸ்டில் இலக்கம் இட்ட கொட்டகை பிப்ரவரியில் இருப்பதில்லை; பிப்ரவரியில் இருக்கும் கொட்டகைக்கு ஆகஸ்டில் இலக்கமில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1931-ம் வருஷம் வரையில் ஒரே இரவில் தேசமெங்கும் எண்ணும் வழக்கம் இருந்தது. அவ்வருஷம் பிப்ரவரி 26-ந் தேதி இரவு எவன் எங்கே காணப்பட்டானோ அங்கேயே அவன் எண்ணப்பட்டான். 1941 முதல் அம்முறை கைவிடப்பட்டது. இப்போது பல நாட்கள் எண்ணுகின்றனர். அந்நாட்களில் ஒருவன் எங்கே வழக்கமாக வசித்தான் என்பதே கேள்வி. கணக்கு நாட்கள் முழுவதும் சென்னையில் இருந்தவன் சென்னையிலேயே எண்ணப்பட வேண்டும் என்பது விதி. நடப்பது யாது? திருநெல்வேலியில் இருக்கும் தாயார், “என் பிள்ளை” என்று அவன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். அவன் எங்கே இருக்கிறான் என்று அங்குள்ளவர் ஆழ்ந்து விசாரித்தால் நீக்கிவிடுகிறார். இங்குள்ளவரோ பூட்டைக் கண்டு திரும்பிவிடுகிறார். ஆக, அவன் தவறான ஊரில் எண்ணப்படுகிறான், அல்லது எந்த ஊரிலும் எண்ணப்படுவதில்லை.

இவையெல்லாம் வெறும் ஊகமோ என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் சர்க்காரே சில பிளாக்குகளைத் தேர்ந்து மீண்டும் எண்ணிச் சோதனை செய்கின்றனர். 1991-ல் ஆயிரம் பேருக்கு 18 பேர் விடுபட்டதாக அச்சோதனை காட்டியது. 2001-லும் 2011-லும் ஆயிரத்துக்கு 23 பேர். இது தேசம் முழுவதற்குமான சராசரி. கிராமத்தைவிட நகரத்திலேயே விடுபடுவோர் அதிகம் என்பதும் 2001-ம் வருஷத்துச் சோதனையில் வெளியாயிற்று. சராசரி விகிதமே சென்னைக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டாலும், 66 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் பேர் ஆகின்றனர். கார்ப்பொரேஷனின் ஒரு வார்டுக்குச் சராசரி ஜனங்கள் முப்பத்து மூவாயிரம். அப்படியாயின், நான்கைந்து வார்டுகளின் ஜனங்கள் முழுவதும் ஏட்டில் இல்லாமற் போனதற்கு அது ஒப்பாகும்.

இந்த ஒன்றரை லட்சம் நகரமெங்கும் சமமாகப் பரவியிருந்தாலாவது மனம் ஆறலாம். விடுபடுவோர் பெரும்பாலும் எவர் என்பதை ஊகிப்பது கடினமன்று. மாளிகைவாசி விடுபடுவதில்லை. 2011-ல் சென்னையின் சேரிகளில் வாழ்ந்தோர் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று கணக்கிடப்பட்டது. நகர ஜனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். தேசமெங்கும் நகரங்களில் வீடற்றவராய் எண்ணப்பட்டோர் 2001-ல் 7 லட்சத்து 78 ஆயிரம். 2011-ல் 9 லட்சத்து 38 ஆயிரம். நடைபாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் ரயில் நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் உறங்குவோரை எண்ணுவதற்கென ஒதுக்கப்படுவது பிப்ரவரிக் கடைசி நாள் இரவு ஒன்றே. அந்த ஓரிரவில் கணக்கெடுப்பாளர் வருமுன் போலீஸார் அவர்களை வேறிடம் போகச் சொல்லிவிட்டால், அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு அவர்கள் இல்லாதவர்கள்.

கூவம் ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களின் கதையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2011-ல் அவர்கள் எண்ணப்பட்டது நகரின் நடுவே. 2015-ம் வருஷ வெள்ளத்துக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் கார்ப்பொரேஷன் எல்லைக்கு வெளியே இருந்த பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டனர். அவர்களிற் பலருக்கு வேலை இன்னமும் பழைய பேட்டைகளிலேயே. ஆண்கள் வாரத்தில் சில இரவுகள் வேலை செய்யும் இடத்திலேயே தங்கிவிடுகின்றனர். 2011-ம் வருஷத்து ஏட்டை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பஸ் வசதி ஆகியவற்றைத் திட்டமிடுவோருக்கு இந்த ஜனங்கள் கண்ணிற் படமாட்டார்கள்.

எண்ணிக்கையில் விடுபடுவதால் வரும் நஷ்டம் யாது? கார்ப்பொரேஷனில் பட்டியல் ஜாதியினருக்கு ஒதுக்கும் ஸ்தானங்கள் ஜனத்தொகை விகிதத்தை ஒட்டியே நிர்ணயமாகின்றன. ஜனத்தொகை என்றால் கடைசியாக வெளியான கணக்கில் கண்ட தொகை என்று அரசியல் சட்டமே வியாக்கியானம் செய்கிறது. நிதிக் கமிஷன் ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பணம் பகிர்வதும் ஜனத்தொகையைப் பார்த்தே. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய சர்க்கார் ராஜ்யங்களுக்குத் தானியம் ஒதுக்குவதும் அதே ஏட்டைக் கொண்டுதான். கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் அரிசி வழங்கும் தமிழ்நாடு, குறைவதைத் தன் கைப்பணத்தால் ஈடு செய்கிறது. 1881 முதல் 2011 வரை, உலக யுத்தத்தின் நடுவிலும்கூட, பத்து வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் நடந்த கணக்கு 2021-ல் தவறியது. தொற்றுநோய் காரணம் என்றனர். நோய் தணிந்த பின்னரும் ஏன் இத்தனை வருஷம் கடத்தினர் என்பதற்குத் தக்க சமாதானம் கூறப்படவில்லை. அதன் பலனை அனுபவித்தோர் 2011-க்குப் பின் பிறந்த குழந்தைகளே.

இனி, ஜனங்களின் பக்கத்தைப் பார்ப்போம். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்றாலும் கதவு திறவாத வீடுகள் உண்டு. புறம்போக்கில் குடிசை போட்டவன், தன் பெயரை எழுதிக் கொடுத்தால் நாளை இடிக்க வருவார்களோ என்று அஞ்சுகிறான். ஒரு பகுதிக்கு வரி கட்டிவிட்டு நான்கு பகுதிகளை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன், “நாங்கள் ஒரே குடும்பம்தான்” என்கிறான். வெளி மாகாணத்துத் தொழிலாளி, போலீஸில் தன்னைக் காட்டிக் கொடுப்பார்களோ என்று பயப்படுகிறான். இவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. வீட்டுப் பட்டியலோடு தேசிய ஜனத்தொகைப் பதிவேட்டையும் சேர்த்து நடத்த 2020-ல் ஏற்பாடாகியிருந்தபோது தேசமெங்கும் கிளம்பிய கலக்கத்தை நாம் மறக்கவில்லை. அப்பதிவேடு பிரஜா உரிமைச் சட்டத்தின்கீழ் வருவது. ஜனக்கணக்கோ அதற்கெனத் தனியே உள்ள 1948-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் நடப்பது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாளில் ஒரே வாசலில் கேட்க வந்தால், வேறுபாட்டைக் குடிசைவாசி எவ்வாறு அறிவான்?

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஊழியர்கள் தெளிவாக அறிந்து பிறருக்கும் சொல்ல வேண்டும். 1948-ம் வருஷத்துச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, கேட்கும் கேள்விகளுக்குத் தமக்குத் தெரிந்தவரையில் உண்மையாகப் பதில் சொல்ல ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர். ஆனால், எந்தப் பெண்மணியும் தம் கணவர் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தப்படலாகாது என்று அதே பிரிவு விலக்கும் அளிக்கிறது. 9-வது பிரிவு, இலக்கமிட வருகிறவரை வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும் என்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமானது 15-வது பிரிவு. கணக்கு ஏட்டைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை. எந்தச் சிவில் வழக்கிலும் அது சாட்சியமாக ஏற்கப்படாது. இச்சட்டத்தை மீறிய குற்றத்துக்கான வழக்கிலன்றி வேறெந்தக் கிரிமினல் வழக்கிலும் ஏற்கப்படாது. வரி அதிகாரியோ, இடிக்க வரும் அதிகாரியோ, போலீஸ் அதிகாரியோ அவ்வேட்டைக் காட்டி ஒருவரைக் குற்றஞ்சாட்ட முடியாது. சட்டம் குடிசைக்குக் கொடுத்திருக்கும் இந்தப் பாதுகாப்பைக் குடிசையில் இருப்பவர் அறியாதிருப்பது யாருடைய குற்றம்?

அந்நிய ஆட்சியில் நமது தேசத்தார் கணக்குக்குக் கதவடைத்த காலமும் உண்டு. சட்டமறுப்பு இயக்கம் நடந்த வேளையில், 1931 ஜனவரி 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையை ஜனக்கணக்குப் பகிஷ்கார தினமாகக் காங்கிரஸ் குறித்தது. நம்மை ஆள உரிமையில்லாதவனுக்கு நம்மை எண்ணவும் உரிமையில்லை என்பது அன்று நியாயமாயிருந்தது. இன்று ஏடு நம்முடையது. அதில் விடுபட்டால் நஷ்டமும் நம்முடையதே. ஆயினும், ஜனங்கள் கதவு திறப்பது சர்க்காரின் உத்தரவினால் மாத்திரம் அன்று, நம்பிக்கையினால் என்ற படிப்பினை அன்றும் இன்றும் ஒன்றே. அந்நம்பிக்கையைச் சம்பாதிப்பது சர்க்காரின் பொறுப்பு. ஜனக்கணக்கில் பெற்ற விவரம் வேறெந்தப் பதிவேட்டுக்கும் போகாது என்று மந்திரிகள் சந்தேகத்துக்கிடமின்றிப் பகிரங்கமாகக் கூற வேண்டும். கூறியபடி நடக்கவும் வேண்டும்.

கைபேசி முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவரம் விரைவில் மத்திய ஸ்தலத்துக்குச் சேரும்; கூட்டலில் பிழை குறையும்; கட்டடத்தின் இருப்பிடமும் வரைபடத்தில் பதியும். இவை நன்மைகளே. ஜனங்கள் தாமே விவரங்களை அனுப்பிக்கொள்ளவும் வசதி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால், அவ்வசதியைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் அடுக்குமாடிகளில் வாழும் படித்த வகுப்பினராகவே இருப்பர். இதனால் கணக்கெடுப்பாளருக்கு மிஞ்சும் நேரம், வியாசர்பாடிச் சந்துகளிலும் காசிமேட்டுக் குடியிருப்புகளிலும் செலவாக வேண்டும். அதை விடுத்து, வேலை விரைவில் முடிந்தது என்று புள்ளி காட்டுவதற்கு உதவுமாயின், புதிய கருவி பழைய பிழையைத் துரிதமாகச் செய்வதற்கே பயன்பட்டதாகும். கணக்கெடுப்பாளர் ஏறாத மாடிப்படியைக் கைபேசி தானாக ஏறாது.

சர்க்காரும் கார்ப்பொரேஷனும் செய்யத்தக்கவை சில உள. பூட்டிய வாசலுக்கு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திரும்பச் செல்லக் கணக்கெடுப்பாளருக்கு நேரமும் ஊதியமும் வேண்டும். பகலெல்லாம் பாடம் நடத்திய உபாத்தியாயரை மாலையில் வீடு வீடாக அலையவிட்டுச் செம்மையான கணக்கை எதிர்பார்ப்பது நியாயமன்று. விடுதி நடத்துவோரும் கட்டடக் கண்டிராக்டர்களும் தம்மிடம் தங்கியிருப்போரின் பட்டியலைத் தருமாறு கேட்கப்பட வேண்டும். வீடற்றோரை எண்ணும் இரவுக்கு முந்தின வாரமே, அவர்கள் உறங்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்விரவில் எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்று போலீஸாருக்கு உத்தரவு வேண்டும். வடநாட்டுத் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கு ஹிந்தியோ வங்காளியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவர் உடன் செல்லல் நலம்.

தேச ஊழியர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்குகிறீர்கள். எந்தச் சந்தில் எத்தனை வாக்கு என்பது உங்களுக்கு மனப்பாடம். அந்த அறிவைக் கட்சி பேதமின்றி இதற்கும் பயன்படுத்துங்கள். உங்கள் பேட்டையில் எந்த வாசலுக்கு இலக்கம் இடவில்லை, எந்தக் கொட்டகை புதிதாக முளைத்தது, எந்த மாடியில் யாரும் ஏறவில்லை என்பதைக் குறித்து மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்கள். 15-வது பிரிவின் பொருளை எளிய தமிழில் எடுத்துச் சொல்லி அஞ்சுவோரின் அச்சத்தைப் போக்குங்கள். கேள்விக்கு இன்ன பதில் சொல் என்று கற்பிப்பது மாத்திரம் உங்கள் வேலையன்று. ஜாதிக் கணக்கு நடக்கும் இவ்வேளையில் அத்தகைய தூண்டுதல் பலமாயிருக்கும். அதற்கு இடங்கொடுத்தால், விடுபட்டவரால் குறைந்த கணக்கு பொய்யினாலும் கெட்டுப்போகும்.

எண்ணப்படுவது ஒரு சலுகையன்று, பிரஜையின் உரிமை. வாக்குச் சாவடியில் தன் பெயர் இல்லையென்றால் எந்தக் குடிமகனும் அங்கேயே நின்று கேட்கிறான். ஜனக்கணக்கில் தன் குடும்பம் இல்லையென்பதையோ அவன் ஒருகாலும் அறிவதில்லை. பள்ளியில் இடமில்லை, குழாயில் தண்ணீரில்லை என்னும்போதும் காரணம் அவனுக்குப் புலப்படுவதில்லை. அவனுக்காக முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள் அறிந்தவர்களே. சென்னையில் இலக்கமில்லாத ஒரு வாசலும் இல்லை என்று மேற்பார்வையாளர் கையெழுத்திடும்போது, அது மெய்தான் என்று அந்தத் தெருவாசிகளும் சொல்லும்படி இருக்க வேண்டும்.